வீடின்மை விண்ணப்பத்தை மறுத்த கவுன்சில் மீது முறைப்பாடு செய்துவிட்டேன். பதில் வரும்வரை காத்திருக்கலாமா?

இரு பிள்ளைகளின் தாய் (19 ஜூன் 2025, மாலை 6.40)

எல்லோருக்கும் வணக்கம். லண்டனின் வடமேற்கில் பதினொரு வருடம் வாடகைக்கு இருந்த நாங்கள் இப்போது லண்டனுக்கு வெளியே ஸ்லவ்வில் ஓர் ஓட்டல் அறையில் இருக்கிறோம். நான், கணவர், ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன். எந்த உள்ளூராட்சிக் கவுன்சில் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. நடந்ததை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

2024 ஒக்டோபர் கடைசியில் வீட்டுக்காரர், காரணம் சொல்லாமலே வீட்டை விடச் சொல்லும் பிரிவு 21 நோட்டீஸ் தந்தார். டிசெம்பர் 31க்குள் வீட்டை விட வேண்டும் என்று அதில் இருந்தது. நவம்பர் 14 அன்று அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கவுன்சில் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “பெய்லிஃப் (வீட்டைக் காலி செய்விக்கும் நீதிமன்ற அலுவலர்) வரும் திகதி கிடைத்த பிறகு வாருங்கள், அதற்கு முன் வெளியேறினால் நீங்களாகவே வீட்டை விட்டதாகிவிடும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். எழுத்தில் எதுவும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பெப்ரவரியில் நீதிமன்ற உத்தரவு வந்தது. நானூறு பவுண்டுக்குக் கிட்ட நீதிமன்றச் செலவும் எங்கள் தலையில் விழுந்தது. மார்ச் 27 காலையில் பெய்லிஃப் வந்து பூட்டை மாற்றினார். அன்று மாலை கவுன்சில் இந்த அறையைத் தந்தது.

அறைக்குள் குளியலறை உண்டு, அடுப்பு இல்லை. பதினான்கு அறைகளுக்கும் சேர்த்து வரவேற்பறையில் ஒரேயொரு மைக்ரோவேவ் இருக்கிறது. ரைஸ் குக்கரை அலமாரிக்குள், குளிர்கால உடுப்புகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். துப்புரவு செய்ய வருபவர் கண்டால் எச்சரிக்கைக் கடிதம் வரும். மகள் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போக காலை ஆறேகாலுக்கு அறையை விட்டு இறங்குகிறாள்.

ஜூன் 2 அன்று மின்னஞ்சலில் முடிவுக் கடிதம் வந்தது. நாங்கள் “வேண்டுமென்றே வீடிழந்தவர்கள்” என்றும், ஜூன் 30க்குப் பிறகு இந்த அறையும் கிடையாது என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். 2024இன் தொடக்கத்தில் மூன்று மாத வாடகையை நாங்கள் முழுதாகக் கட்டவில்லை, அதனால்தான் வீட்டுக்காரர் நோட்டீஸ் தந்தார் என்பது அவர்களுடைய காரணம். அந்த மூன்று மாதமும் என் கணவருக்குக் கிடங்கில் வேலை நாட்களைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். கட்ட முடிந்ததைக் கட்டினோம்.

ஜூன் 9 அன்று கவுன்சிலின் இணையப் படிவத்தில் முறைப்பாடு பதிந்தேன். முதற்கட்டப் பதில் பத்து வேலை நாளில் வரும் என்று அறிவித்தார்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் ஒம்புட்ஸ்மனிடம் (கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அதிகாரி) போனால் அவர் முடிவை மாற்றிவிடுவார் என்று மைத்துனர் சொல்கிறார். அதுவரை பேசாமல் காத்திருக்கலாமா? இந்த வழியில் போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கோப்புக்காரன் (19 ஜூன் 2025, இரவு 7.55)

தங்கச்சி, காத்திருக்க வேண்டாம். இன்றிரவே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வேறொரு கவுன்சிலின் வீடமைப்புப் பிரிவில் ஒன்பது வருடம் மேசையின் மறுபக்கத்தில் இருந்தவன்.

நீங்கள் செய்தது முறைப்பாடு. உங்களுக்கு அவசரமாகத் தேவைப்படுவது மீளாய்வு, அதாவது அந்த முடிவையே கவுன்சில் மறுபடி பார்ப்பது. இரண்டும் ஒரே கட்டடத்துக்குள் இருந்தாலும் வெவ்வேறு கதவுகள், ஒன்றில் தட்டினால் மற்றது திறக்காது. வேண்டுமென்றே வீடிழந்தீர்கள் என்ற முடிவை எதிர்க்க 1996ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம், பிரிவு 202இல், மீளாய்வு கேட்கும் உரிமையைத் தருகிறது. அதற்கான காலம் 21 நாள். முடிவு உங்களுக்கு அறிவிக்கப்பட்ட நாளையே முதல் நாளாக எண்ண வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஜூன் 2 முதல் நாள் என்றால் இருபத்தோராவது நாள் ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் கொடுக்கலாம் என்று இருந்தால் காலம் கடந்துவிடும். அதன்பின் ஏற்றுக்கொள்வதும் ஏற்காததும் கவுன்சிலின் விருப்பம். முறைப்பாட்டுப் பிரிவினர் உங்கள் கடிதத்தை மீளாய்வுப் பிரிவுக்கு அனுப்பிவைத்திருப்பார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம். நல்ல அலுவலர் ஒருவர் இருந்தால் அப்படி நடக்கும். அந்த நல்ல அலுவலர் விடுமுறையில் இருந்தால் நடக்காது.

இதற்கு வழக்கறிஞர் மொழி தேவையில்லை. முடிவுக் கடிதத்தின் கீழே உள்ள மின்னஞ்சல் முகவரிக்கு இவ்வளவு எழுதினால் போதும்: “ஜூன் 2 திகதியிட்ட முடிவைப் பிரிவு 202இன் கீழ் மீளாய்வு செய்யுமாறு கேட்கிறேன். மீளாய்வு முடியும்வரை பிரிவு 188(3)இன் கீழ் இருப்பிடத்தைத் தொடர்ந்து தருமாறு கேட்கிறேன். என் கோப்பின் முழுப் பிரதி வேண்டும். காரணங்களைப் பின்னர் விரிவாகத் தருவேன்.” உங்கள் பெயர், விண்ணப்ப இலக்கம், திகதி, அவ்வளவுதான். காரணங்களை எழுதி முடித்த பிறகு அனுப்பலாம் என்று நினைத்துத்தான் பலர் காலத்தைத் தவறவிடுகிறார்கள். பிரிவு 188(3) கவுன்சிலின் கடமை இல்லை, அதன் விருப்புரிமை. கேட்காவிட்டால் நிச்சயமாகத் தரமாட்டார்கள். கேட்டும் மறுத்தால் அந்த மறுப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நீதிப் புனராய்வுக்கு (கவுன்சில் சட்டப்படி நடந்ததா என்று நீதிபதி பார்ப்பது) போகலாம். அதற்குச் சட்ட உதவி கிடைக்கக்கூடும் என்பதால் நாளைக் காலையே வீடில்லாதோருக்கு உதவும் ஷெல்டர் அமைப்பையோ உங்கள் பகுதிச் சட்ட மையத்தையோ அழையுங்கள்.

இனி முடிவைப் பற்றி. வாடகை நிலுவை இருந்தது என்பதற்காக மட்டும் ஒருவரை வேண்டுமென்றே வீடிழந்தவர் என்று எழுதிவிட முடியாது. பிரிவு 191இன்படி நீங்கள் தெரிந்து செய்த ஒரு செயலாலோ, செய்யாமல் விட்ட ஒன்றாலோ வீடு போயிருக்க வேண்டும். அந்த வீட்டில் தொடர்ந்து இருப்பது உங்களுக்கு நியாயமானதாகவும் இருந்திருக்க வேண்டும். கட்டுப்படியாகாத வாடகை வீட்டில் இருப்பது நியாயமானதல்ல. 2019 ஜூனில் பர்மிங்ஹம் கவுன்சில் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பார்த்தது. மாத வாடகை 700 பவுண்டு, வீட்டு உதவித்தொகை 548 பவுண்டு 51 பென்ஸ், மீதி 151 பவுண்டு 49 பென்ஸைப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கான உதவிப் பணத்திலிருந்து அந்தத் தாய் எடுத்துக் கட்டியிருக்கலாம் என்று கவுன்சில் வாதிட்டது. பிள்ளைகளின் நலனையும் கணக்கில் எடுத்து, அந்தக் குடும்பத்தின் நியாயமான வாழ்க்கைச் செலவு எவ்வளவு என்பதை அளந்து பார்த்தே முடிவெடுக்க வேண்டும், இழுத்துப் பிடித்தால் மிச்சம் வரும் என்று சொல்வது போதாது என்று நீதிமன்றம் அந்த முடிவை ரத்துச் செய்தது. ஆகவே அந்த மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குத் தாள், யுனிவர்சல் கிரெடிட் (அரசின் உதவித்தொகை) பதிவுகள் மூன்றையும் இன்றிலிருந்தே தேடி எடுங்கள். சாப்பாடு, பஸ், மின்சாரம் என்று வாரவாரம் போன பணத்தை ஒரு தாளில் எழுதுங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். வீட்டுக்காரர் எதற்காக நோட்டீஸ் தந்தார் என்று எப்போதாவது உங்களிடம் சொன்னாரா?

இரு பிள்ளைகளின் தாய் (19 ஜூன் 2025, இரவு 8.30)

மிக்க நன்றி அண்ணா. கை நடுங்குகிறது, ஞாயிற்றுக்கிழமை என்று நான் எண்ணியே பார்க்கவில்லை. வீட்டுக்காரரும் நம்மவர்தான். “வட்டி கூடிவிட்டது, வீட்டை விற்கப் போகிறேன், குறை நினைக்க வேண்டாம்” என்று 2024 செப்டெம்பரில் கணவருக்கு வாட்ஸ்அப்பில் தமிழில் எழுதியிருந்தார். நிலுவையை ஜூலையிலேயே கட்டி முடித்திருந்தோம். கவுன்சில் அவரிடம் என்ன கேட்டது, அவர் என்ன சொன்னார் என்று எங்களுக்குத் தெரியாது.

பழைய கோப்புக்காரன் (19 ஜூன் 2025, இரவு 8.52)

அந்தச் செய்தி உங்கள் வழக்கின் பாதி. விற்பதற்காகத் தந்த நோட்டீஸ் என்றால், நிலுவையால் வீடு போனது என்ற காரணத் தொடர்பே அறுந்துபோகிறது. திகதியும் அனுப்பியவரின் எண்ணும் தெரியும்படி படம் பிடித்து, கீழே ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்புங்கள். மொழிபெயர்ப்பைக் கவுன்சில் செய்துகொள்ளும் என்று விடாதீர்கள்; தமிழ்க் குறுஞ்செய்திகள் “வாசிக்க இயலாதவை” என்ற குறிப்புடன் கோப்பில் படுத்துக் கிடந்ததை நானே கண்டிருக்கிறேன்.

மீளாய்வை முதல் முடிவில் சம்பந்தப்படாத, அந்த அலுவலரைவிட உயர்ந்த பதவியில் உள்ள ஒருவர் செய்ய வேண்டும். எட்டு வாரம் எடுக்கலாம். முதல் முடிவில் குறை இருந்தும் அதே முடிவையே எடுக்க எண்ணினால், அதற்கு முன் தம் எண்ணத்தை உங்களுக்கு எழுதி, பதில் சொல்ல இடம் தர வேண்டும். அதுவும் பாதகமாக வந்தால், சட்டப் பிழை ஒன்றைக் காட்டி, மறுபடி 21 நாளுக்குள் கவுண்டி நீதிமன்றத்தில் பிரிவு 204 மேன்முறையீடு செய்யலாம். இந்தப் பாதை இருப்பதால்தான் ஒம்புட்ஸ்மன் உங்கள் ஜூன் 2 முடிவில் பெரும்பாலும் கை வைக்கமாட்டார். நீதிமன்றத்துக்குப் போக உரிமை உள்ள விடயத்தை அவர் பொதுவாக விசாரிப்பதில்லை. மைத்துனர் சொன்னது நல்லெண்ணத்தில் சொன்னது; ஆனால் தவறு.

முறைப்பாட்டுக்காரி (19 ஜூன் 2025, இரவு 10.10)

மேலே அண்ணா சொன்னதை முதலில் செய்யுங்கள். அதற்காக முறைப்பாட்டைக் கைவிட வேண்டாம் என்று சொல்லவே நான் எழுதுகிறேன். உங்கள் கதையில் மீளாய்வால் தொட முடியாத இரண்டு பிழைகள் இருக்கின்றன, அவை ஒம்புட்ஸ்மனுக்கு உரியவை.

முதலாவது நவம்பர் 14. நோட்டீஸ் முடிய அன்று 47 நாள்தான் இருந்தது. 2018 ஏப்ரல் 3 முதல் நடைமுறையில் உள்ள வீடின்மைக் குறைப்புச் சட்டத்தின்படி, செல்லுபடியாகும் பிரிவு 21 நோட்டீஸ் 56 நாளுக்குள் முடிவதாக இருந்தால், வீடிழப்பைத் தடுக்க உதவும் கடமை அன்றே தொடங்கியிருக்க வேண்டும். உங்கள் நிலையை மதிப்பிட்டு, உங்களுக்கென்று ஒரு வீட்டுத் திட்டத்தை எழுத்தில் தந்திருக்க வேண்டும். பெய்லிஃப் வரும்வரை இருங்கள் என்று கவுன்சில்கள் சொல்லக் கூடாது என்பதை அரசின் வழிகாட்டிக் கோவையும் தெளிவாகவே சொல்கிறது. அந்தப் பேச்சைக் கேட்டு நீங்கள் காத்திருந்ததால்தான் நீதிமன்றச் செலவு உங்கள் மேல் ஏறியது. அந்தத் தொகையைக் கவுன்சில் திருப்பித் தர வேண்டும் என்று முறைப்பாட்டில் தெளிவாகக் கேளுங்கள்.

இரண்டாவது ஓட்டல் அறை. பிள்ளைகள் உள்ள குடும்பத்தையும் கர்ப்பிணியையும் இப்படிப்பட்ட அறையில் வைப்பது பொருத்தமற்றது என்றும், வேறு இடமே இல்லாதபோதும் ஆறு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றும் வீடிழந்தோருக்குத் தரும் இருப்பிடம் பற்றிய 2003ஆம் ஆண்டின் ஆணை சொல்கிறது. தனிக் குளியலறை இருக்கிறதே என்று கவுன்சில் வாதாடலாம். கழிப்பறை, குளியல், சமையல் வசதி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இல்லாவிட்டாலும், பிறரோடு பகிரப்பட்டாலும் போதும். பதினான்கு அறைக்கு ஒரு மைக்ரோவேவ் என்பதைப் படம் பிடித்து வையுங்கள். உங்கள் ஆறு வாரம் மே 8 அன்று முடிந்துவிட்டது, இன்றோடு பன்னிரண்டு வாரம். இடைக்கால இருப்பிடத்தின் பொருத்தம் பற்றி மீளாய்வு கேட்கும் உரிமை சட்டத்தில் இல்லை. அதனால்தான் ஒம்புட்ஸ்மன் இதைக் கையில் எடுப்பார்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என்னையும் இரண்டு மகன்களையும் இதுபோன்ற அறையில் ஆறு வாரத்துக்கு மேலும் ஐந்து மாதம் வைத்திருந்தார்கள். கவுன்சிலின் இரண்டு கட்டப் பதிலும் “லண்டனில் வீட்டுத் தட்டுப்பாடு” என்ற ஒரே பத்தியைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. தட்டுப்பாடு உண்மைதான். 2024 டிசெம்பர் முடிவில் இங்கிலாந்து முழுவதும் 1,27,000க்கும் அதிகமான குடும்பங்கள் தற்காலிக இருப்பிடத்தில் இருந்தன. ஆனாலும் தட்டுப்பாடு என்று சொல்லிச் சட்டத்தின் ஆறு வாரத்தை நீட்டிக்க முடியாது. பொருத்தமற்ற இருப்பிடத்துக்கு மாதம் 150 முதல் 350 பவுண்டு வரை கொடுக்குமாறு பரிந்துரைக்கலாம் என்று ஒம்புட்ஸ்மனின் வழிகாட்டுதலில் இருக்கிறது. எனக்கு மாதம் 250 என்று 1,250 பவுண்டு தந்தார்கள், மன்னிப்புக் கடிதமும் வந்தது. மொத்தம் பத்து மாதம் எடுத்தது. வீட்டை ஒம்புட்ஸ்மன் தரவில்லை. அந்தப் பணத்தில் கட்டில்கள் வாங்கினேன்.

விசாரணையில் எனக்குக் கைகொடுத்தது ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. கவுன்சிலுடன் பேசிய ஒவ்வொரு முறையும் திகதி, நேரம், பேசியவர் பெயர், சொன்ன வார்த்தை ஆகியவற்றை எழுதி வைத்திருந்தேன். கவுன்சிலின் கோப்பில் “விண்ணப்பதாரர் தொடர்பு கொள்ளவில்லை” என்று குறித்திருந்த நாளில், என் கொப்பியிலும் தொலைபேசிப் பட்டியலிலும் 41 நிமிட அழைப்பு இருந்தது.

கட்டங்களைத் தாண்டாமல் போக முடியாது. முதற்கட்டத்துக்குப் பத்து வேலை நாள், இரண்டாம் கட்டத்துக்கு இருபது வேலை நாள் என்று ஒம்புட்ஸ்மன் 2024இல் வெளியிட்ட முறைப்பாட்டு விதிக்கோவை சொல்கிறது. அதற்குப் பிறகே அவர் பார்ப்பார். பிழை உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் போக வேண்டும். நவம்பர் சம்பவத்துக்கு இந்த நவம்பர் நடுப்பகுதிவரைதான் இருக்கிறது, கவுன்சில் இழுத்தடித்தால் அந்த நாளை மறந்துவிடாதீர்கள். கட்டணம் இல்லை, நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகப் போகவும் வேண்டியதில்லை.

வடக்கே அனுப்பப்பட்டவன் (20 ஜூன் 2025, காலை 9.05)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், என் கேள்வியும் இதே வகை என்பதால் இங்கேயே கேட்கிறேன். எனக்கு ஏப்ரலில் அகதி அந்தஸ்து கிடைத்தது. அதுவரை உள்துறை அமைச்சு என்னை மிடில்ஸ்பரோவில் வைத்திருந்தது. அத்தான் லண்டனில் இருப்பதால் இங்கே வந்து ஒரு கவுன்சிலில் விண்ணப்பித்தேன். “உங்களுக்கு இங்கே தொடர்பு இல்லை, மிடில்ஸ்பரோவுக்குப் போங்கள்” என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் தனி ஆள், நோய் நொடி இல்லை. இதற்கும் முறைப்பாடு செய்யலாமா?

பழைய கோப்புக்காரன் (20 ஜூன் 2025, காலை 9.40)

தம்பி, அவர்கள் சொன்னதில் பாதி சரி. புகலிடம் கோரியவரை அமைச்சு கடைசியாக எங்கே வைத்திருந்ததோ அங்கே அவருக்கு உள்ளூர்த் தொடர்பு உண்டு என்று பிரிவு 199 சொல்கிறது. ஆனால் தொடர்பு இல்லை என்பதற்காக விண்ணப்பத்தையே வாங்காமல் இருக்க எந்தக் கவுன்சிலுக்கும் உரிமை இல்லை. விண்ணப்பத்தை எடுத்து, உங்கள் நிலையை விசாரித்து, லண்டனில் உங்களுக்குத் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகே எழுத்தில் அறிவித்து மற்றக் கவுன்சிலுக்கு மாற்றலாம். அத்தான் வெகு காலமாக லண்டனில் இருந்து, உங்களோடு நெருக்கமாகவும் இருந்தால் அதையும் விசாரணையில் சொல்லுங்கள். பெற்றோர், சகோதரர் என்றால் எளிது, அத்தான் என்றால் விளக்க வேண்டியிருக்கும். வாசலில் திருப்பியதைத் தாராளமாக முறைப்பாடு செய்யலாம். அதோடு “வீடின்மை விண்ணப்பம் செய்கிறேன்” என்ற வார்த்தையோடு மின்னஞ்சல் ஒன்றையும் அனுப்புங்கள். விண்ணப்பத்துக்கென்று கட்டாயப் படிவம் சட்டத்தில் இல்லை. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: தனி ஆளாக, முன்னுரிமைத் தேவை (பிள்ளைகள், கர்ப்பம், நோய் போன்றவை) இல்லாதவராக இருந்தால் 56 நாள் வீடு தேட உதவுவார்கள், இரவு தங்க அறை தரும் கடமை அவர்களுக்கு இல்லை.

இரு பிள்ளைகளின் தாய் (20 ஜூன் 2025, மாலை 5.15)

நேற்று இரவு 11.20க்கு மீளாய்வுக் கோரிக்கையை அனுப்பினேன். இன்று காலை தானியங்கிப் பதில் வந்தது, மத்தியானம் மீளாய்வு அலுவலர் ஒருவர் எழுதினார்: கோரிக்கை காலத்துக்குள் கிடைத்துவிட்டது, ஜூன் 30க்குப் பிறகு அறையைத் தொடர்வது பற்றி அடுத்த வாரம் முடிவு சொல்வார்களாம். சட்ட மையத்தில் புதன்கிழமை காலை நேரம் தந்திருக்கிறார்கள். கவுன்சிலில் இருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, மீளாய்வு நடப்பதால் முறைப்பாட்டை மீளப் பெறலாமே என்று கேட்டார். என்ன சொல்வது என்று தெரியாமல், யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

முறைப்பாட்டுக்காரி (20 ஜூன் 2025, மாலை 6.00)

மீளப் பெறாதீர்கள். நவம்பர் 14ஐயும் ஆறு வாரத்தையும் மீளாய்வு அலுவலர் பார்க்கப் போவதில்லை. “முடிவு பற்றிய பகுதி மீளாய்வுக்குப் போயிருக்கிறது, மற்ற இரண்டு விடயங்களுக்கும் முறைப்பாட்டின் கீழ் பதில் வேண்டும்” என்று இன்றே இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அந்த அழைப்பு எத்தனை மணிக்கு வந்தது, யார் பேசியது என்பதையும் கொப்பியில் குறித்து வையுங்கள்.

பழைய கோப்புக்காரன் (20 ஜூன் 2025, மாலை 6.25)

புதன்கிழமை போகும்போது முடிவுக் கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும் எடுத்துச் செல்லுங்கள், முதல் பக்கத்தை மட்டும் கொண்டுபோக வேண்டாம். அறையைத் தொடர மறுத்து அதற்கு முன்பே கடிதம் வந்தால் புதன்வரை காத்திருக்காமல் அதே மணிக்குச் சட்ட மையத்துக்கு அழைத்து, “30ஆம் திகதி பிள்ளைகளோடு தெருவுக்கு வருகிறோம்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அவர்கள் கோப்புகளை அவசரத்தின்படிதான் அடுக்குவார்கள்.